செயலாளரின் வெளிநாட்டுப் பந்து

பந்தை உருட்டி மரப் பின்களைச் சாய்க்கும் பௌலிங் கிளப்பின் செயலாளர் ராஜமாணிக்கத்திடம் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பந்து ஒன்று இருந்தது. பந்து உருளும் பாதையான லேனில், எண்ணெய் பூசிய தரையைக்கூடக் கவ்விப் பிடித்து வளைந்து திரும்பும். மாநிலப் போட்டிக்குத் தேர்வான தமயந்தியைக் கழற்றிவிட்டு, தன் மருமகனை நுழைக்க அவருக்கு ஆசை.

"என்னை ஜெயிச்சாதான் டீமுல இடம். உன் பந்தையும் நான்தான் எடுத்துக் கொடுப்பேன்" என்றவர், குழந்தைகள் உருட்டும் வழவழப்பான பிளாஸ்டிக் பந்தை நீட்டினார்.

"சரிங்க சார், லேன் என் இஷ்டம்" என்றாள் தமயந்தி. காலையிலிருந்து ஆடி ஆடி எண்ணெய் காய்ந்துபோன லேனில் போய் நின்றாள்.

காய்ந்த தரையில் செயலாளரின் பந்து பாதி வழியிலேயே வெடுக்கென்று திரும்பி, ஓரப் பள்ளத்தில் விழுந்தது. பிளாஸ்டிக் பந்து நேரே போய்ப் பின்களைச் சாய்த்தது.

"பந்தை மாத்து!" என்று கத்தினார்.

"தாராளமா சார். லேனையும் மாத்திக்குவோம். இல்லேன்னா அடுத்து அதைக் குறை சொல்லுவீங்க."

சற்றுமுன் எண்ணெய் பூசியிருந்த லேனுக்கு அழைத்துப்போனாள். பந்து வளையும் என்ற பழக்கத்தில் செயலாளர் ஓரமாக உருட்டினார். பிளாஸ்டிக் பந்து எண்ணெயில் வழுக்கிக்கொண்டு, துளியும் வளையாமல் பள்ளத்துக்கே போனது. தமயந்தி உருட்டிய வெளிநாட்டுப் பந்தோ கடைசியில் அழகாகத் திரும்பி, எல்லாப் பின்களையும் வாரிச் சுருட்டியது.

சுற்றி நின்றவர்கள் விசிலடித்தார்கள்.

"அப்போ நான் எந்தப் பந்தைத்தான் எடுக்கிறது?" என்று உறுமினார் செயலாளர்.

"கால்பந்து எடுங்க சார். அதுல பள்ளம் கிடையாது."