எண்ணெய் பிறந்த இடத்தில் தண்ணீருக்கு என்ன வேலை

தாளிக்கப்போகிற சட்டியில் ஈரம் இருந்தால் என்ன செய்வீர்கள்? முந்தானையாலாவது துடைத்துவிட்டுத்தானே எண்ணெய் ஊற்றுவீர்கள்? அந்தச் சமையல்கட்டுப் புத்திதான் ஒரு பாறையின் வயிற்றைக் கரியாக்கியது.

ஒரு சோதனைச்சாலைக்கு அக்காள் தங்கையாக இரண்டு பாறைகள் வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேர் வயிற்றிலும் மெழுகு மாதிரி இறுகிப்போன கரும்பொருள். பல கோடி வருஷக் கர்ப்பம். சூடு பட்டு அது எண்ணெயாகப் பிறக்க வேண்டும், அவர்கள் ஆசை அவ்வளவுதான்.

பிரசவம் பார்க்க நெருப்பண்ணன் வந்திருந்தான். குடுவையில் நின்ற தண்ணீரும் எட்டிப் பார்த்து, "நானும் கூட இருக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"எண்ணெய் பிறக்கிற இடத்துல உனக்கென்னடி வேலை?" என்றாள் அக்காள் பாறை. "ஒரு சொட்டு பட்டாலே படபடன்னு வெடிக்கும். தள்ளிப் போ."

"நான் ஒருத்தன் போதாதா?" என்று நெருப்பண்ணன் மீசையை முறுக்கினான்.

அக்காளை இரும்புக் கலத்துக்குள் வைத்து மூடியைத் திருகினார்கள். மூன்று நாள் சூடு. திறந்தபோது புஸ்ஸென்று வாயு வந்தது. எண்ணெய் என்று பார்த்தால் நாலு சொட்டு. மற்றதெல்லாம் வயிற்றோடு ஒட்டிக் கரியாகியிருந்தது.

"என் மேல தப்பில்லை. இவ உடம்புவாகு அப்படி," என்றான் நெருப்பண்ணன்.

அடுத்தது தங்கையின் முறை. மெதுவாகத் தண்ணீரைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்க வந்தா நிஜமாவே வெடிக்காதா?"

"அது திறந்த சட்டி, தாயி. இது இறுக்கி மூடுன கலம். நான் துள்ளவும் முடியாது, ஆவியா ஓடவும் முடியாது. உன்கூடவேதான் கிடக்கணும்."

"எல்லாரும் சிரிப்பாங்களே?"

"சிரிக்கட்டும். நீ பெத்து எடு."

தண்ணீரும் உள்ளே போக, மூடியைத் திருகினார்கள். சூடு ஏறியது. தண்ணீர் பாறையின் சந்து பொந்தெல்லாம் நுழைந்து பார்த்தாள். கரும்பொருள் துண்டு துண்டாக உடைந்துகொண்டிருந்தது. உடைந்த துண்டுகளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு கரியாக மாறப் பார்த்தன. அக்காளுக்கு ஏன் அப்படி ஆனது என்று தண்ணீருக்கு அப்போதுதான் புரிந்தது.

தன் உடம்பிலிருந்தே ஹைட்ரஜனைப் பிய்த்தாள். "இந்தா உனக்கு. அழாதே, உனக்கும் இந்தா," என்று சண்டை போடும் பிள்ளைகளுக்குக் கைக்கொரு முறுக்குக் கொடுப்பதுபோலக் கொடுத்தாள். கையில் முறுக்கு இருக்கிற பிள்ளை இன்னொருத்தன் சட்டையை எதற்குப் பிடிக்கப்போகிறது? பிடி விட்டது. "அடைச்சுக்கிட்டு நிக்காதீங்க, வெளிய போங்க!" என்று எல்லாரையும் பாறைக்கு வெளியே தள்ளிவிட்டாள்.

மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால், தண்ணீரின் தலைமேல் பளபளவென்று எண்ணெய் மிதந்தது. தங்கை அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

உடனே பாராட்டு விழா. முதல் பொன்னாடை நெருப்பண்ணனுக்கு. போர்த்தியதுமே அது பொசுங்கிப்போனது. அதற்கும் கைதட்டினார்கள். இரண்டாவது பொன்னாடை இரும்புக் கலத்துக்கு, மூன்று நாளும் மூடியே இருந்ததற்காக. பிறந்த எண்ணெய் உயரத்தில் உட்கார்ந்தபடி முகம் சுளித்தது.

"கீழ யாரும்மா அது? ஒரே ஈரமா இருக்கு!"

தங்கை பதறிப்போய், "அது உன்னை..." என்று ஆரம்பித்தாள். நெருப்பண்ணனின் ஏற்புரை மைக்கில் முழங்கியதில் அது யார் காதிலும் விழவில்லை.

"வழியில போறவ, ராசா. நீ நல்லா சாய்ஞ்சுக்க," என்றாள் தண்ணீர்.

கூட்டம் கலைந்தது. நெருப்பண்ணன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தண்ணீரிடம் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, நாளைக்கு இன்னொரு பாறை வருது. மூடியைத் திருகுறதுக்கு முன்னாடியே உள்ள போய் உக்காந்துக்கங்க. விழாவுக்கு மட்டும் வந்துடாதீங்க."