ஒரு பானை ஓலை

முன்னொரு காலம் என்றால் எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். ஓலை எரிந்தால் கணக்கும் தொலைந்தது என்று பெரிய மனிதர்கள் நிம்மதியாகத் தூங்கிய காலம். அந்த நாட்டில் ஏரிக்கரை கட்டியதாகச் சொல்லிக் கஜானா காலியாகியிருந்தது. கரையைத்தான் யாரும் பார்க்கவில்லை. கணக்கு ஓலைகளைப் பார்ப்போம் என்று அரசர் சொன்ன மறுநாளே அரண்மனை ஓலைக் கொட்டடி எரிந்து சாம்பலானது.

மந்திரி நீதிவாணர் முதலில் கரையான் தின்றுவிட்டது என்றார். கரையான் நெருப்பு வைக்குமா என்று யாரோ முணுமுணுக்க, இடி விழுந்தது என்றார். மழையே இல்லாத மாதம் அது. ஆகவே உண்மையை அறிய ஒரு குழு அமைத்தார், தலைவர் அவரே. விகடகவி உலகப்பன்தான் விளக்கோடு உள்ளே போனான் என்று குழு கண்டுபிடித்தது. அரசர் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சிரிப்பதில் மந்திரிக்கு இருந்த வயிற்றெரிச்சல் சமையற்கட்டு வரை தெரிந்த விஷயம்.

"உலகப்பா, எரிந்த ஓலைகள் நாளைக் காலை சபைக்கு வரவேண்டும். இல்லையேல் உன் தலை போகும்" என்றார் அரசர்.

உலகப்பன் காலையில் கொட்டடிச் சாம்பல் நிரம்பிய ஒரு பானையோடு வந்தான்.

"என்ன இது?"

"தாங்கள் கேட்ட எரிந்த ஓலைகள், அரசே. எரியாத ஓலையைத் தாங்கள் கேட்கவில்லை."

"திமிர், அரசே. தலையை வாங்க உத்தரவிடுங்கள்" என்றார் மந்திரி.

"வாங்கலாம், ஐயா. ஆனால் அதைச் சொல்ல நீங்கள் யார்? பதவி ஓலைகள் கொட்டடியை விட்டு வெளியே வரக்கூடாது என்பது இந்த அரண்மனை வழக்கம். என் பதவி, சேனாபதி பதவி, உங்கள் பதவி, எல்லாம் இந்தப் பானைக்குள்தான் கிடக்கின்றன. ஓலை இல்லாதவர் ஆசனத்தில் உட்காரலாமா, அரசே?"

அரசர் தம்மையறியாமல் கிரீடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "கூடாது. நீதிவாணரே, எழுந்திரும்."

பதவி என்றதும் மனிதருக்கு மூளை நின்றுவிட்டது. இடுப்புக் கச்சையிலிருந்து ஓர் ஓலையை உருவி நீட்டினார். "என்னுடையது பத்திரமாக இருக்கிறது, அரசே. ஓரம்கூடக் கருகவில்லை."



உலகப்பன் மெதுவாகக் கேட்டான்: "தீ வரப்போவது இந்த ஓர் ஓலைக்கு மட்டும் எப்படி ஐயா முன்னாலேயே தெரிந்தது?"

மந்திரி தரையில் உட்கார்ந்துவிட்டார். மிச்சத்தை அவர் வாயாலேயே சொன்னார்: ஏரிக்கரைக் கல்லெல்லாம் அவருடைய புது மாளிகையில் இருந்தது.

கோபத்தில் எழுந்த அரசர், பானையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "உலகப்பா, உனக்கு ஆற்றோர நஞ்சை நிலம். இப்போதே ஓலையில் எழுதித் தரச் சொல்கிறேன்."

"கல்லில் வெட்டித் தரச் சொல்லுங்கள், அரசே."

கல்தச்சன் உளியோடு வந்து சேர்ந்த பிறகும் அரசருக்குச் சிரிப்பு அடங்கவில்லையாம்.