சுழி சொல்லி விற்றவன்

மாட்டுத் தரகர் சென்னியப்பனுக்கு வாய் அடைத்து யாரும் பார்த்ததில்லை. பல் போன காளையை இளங்காளை என்று சொல்லி, மாட்டுக்காரனையே ஒரு நிமிஷம் நம்ப வைத்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் அன்று மத்தியானம் மலையடிவாரத்து மடத்துக்கு வந்து, அங்கிருந்த சாமியார் முன்னால் உட்கார்ந்து, பேச்சு மூச்சில்லாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓட்டுக் கூடம் ஒன்று, கிணறு ஒன்று. சாமி வயதில் சென்னியப்பனுக்கு இளையவர். ஆனாலும் மனசில் எது சிக்கினாலும் சென்னியப்பன் அங்கேதான் வந்து நிற்பார். அவர் "சாமி" என்பார், சாமி "அண்ணா" என்பார்.

"என்னங்கண்ணா, மொகமே சரியில்ல?"

"அத்தப்பனுக்கு நாளைக்குப் படத்தெறப்புங்க சாமி. நாந்தான் பேசோணும்னு மரகதம் சொல்லிட்டா."

அத்தப்பனும் அதே சந்தையில் தரகர்தான். சென்னியப்பனுக்கு உயிர்ச் சிநேகிதர். போன மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார். மரகதம் அவருடைய ஒரே மகள். அந்தப் பக்கத்தில் செத்தவர் படத்தைத் திறக்கும்போது, வேண்டியவர் ஒருவர் எழுந்து அவருடைய பெருமைகளைச் சொல்ல வேண்டும். அது ஊர் வழக்கம்.

"பேசுங்க. உங்களுக்கா பேச வராது?"

"என்னத்தைப் பேசறதுங்க? மனுசன் ஒண்ணுலயும் உருப்படலீங்களே! தரகுல காசு நிக்கல. தீவனக் கடை வெச்சான், இழுத்து மூடினான். பால் யாவாரம் பண்ணினான், அதுவும் போச்சு. நாளைக்கு மரகதத்தோட மாமனார் முன்வரிசைல வந்து உக்காருவாரு. பெரிய கை. உள்ளதைச் சொன்னா அந்தப் புள்ளைக்குத் தலகுனிவு. இல்லாததைச் சொன்னா..." சென்னியப்பன் மறுபடி முகத்தைத் துடைத்தார். "பொய்யின்னா அவனுக்கு ஆகாதுங்க சாமி. அவன் படத்து முன்னால நின்னு எப்படிங்க சொல்றது?"

"அதுக்கு என்ன பண்ணுனீங்க?"

"டவுன்ல மேடைப் பேச்சாளர் ஒருத்தரைப் புடிச்சு, கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கறனுங்க."

"சொல்லுங்க, கேக்கறேன்."

சென்னியப்பன் எழுந்தார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். "சந்தை கண்ட சிங்கமே! கால்நடை வணிகத்தின் கலங்கரை விளக்கமே! தோல்வி என்பதையே அறியாத..."

"யாருங்கண்ணா அது?"

"அத்தப்பனுங்க" என்றார் சென்னியப்பன், ஈனசுரத்தில். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சாமி சிரிக்கவில்லை. தோளில் கிடந்த காவித் துண்டை எடுத்துத் தன் வலது கைமேல் போட்டு மூடிக்கொண்டு, கையை நீட்டினார்.

மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். துண்டால் கையை மூடிக்கொண்டு, அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்தே பேரத்தை முடிப்பார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட ஒன்றும் தெரியாது.

"வாங்க. அத்தப்பனை நான் வாங்கிக்கறேன். யாவாரம் பேசலாம்."

சென்னியப்பனுக்குத் திக்கென்றது. ஆனால் பழகிய கை அதுபாட்டுக்குத் துண்டுக்குள் போய்விட்டது.

"சுழி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

மாட்டின் மேல் மயிர் சுழித்திருப்பதைப் பார்த்துத்தான் நல்லது கெட்டது சொல்வார்கள். ஆகாத சுழி இருந்தால் ஒருவரும் கயிற்றைத் தொட மாட்டார்கள்.

"ஒரு சுழியும் கெடையாதுங்க. அப்பழுக்கில்லாத உருப்படி" என்றது சென்னியப்பனின் வாய்.

சாமி கையை உருவிக்கொண்டார். "எனக்கு வேண்டாம்."

"ஏனுங்க சாமி?"

"சுழியே இல்லீன்னா பயமா இருக்குது. அத்தப்பன் எப்படிங்க விப்பாரு?"

"அவனா? அவன் ஒரு கிறுக்கனுங்க! மாட்டுக்காரன் பக்கத்துலயே நிப்பான். அவனை வெச்சுக்கிட்டே, 'இது ஒதைக்கும், முதுகுல சுழி இருக்குது, கன்னு தங்காது'ன்னு அத்தனையும் கொட்டிட்டுத்தான் துண்டையே எடுப்பான். விக்கறவன் எவன் அவனைத் தேடி வருவான்?"

"வாங்கறவங்க?"

சென்னியப்பன் கொஞ்சம் யோசித்தார். "வாங்கறவங்க வயசு தெரியப் பல்லைக்கூடப் புடிச்சுப் பாக்க மாட்டாங்க. அவன் சொல்லிட்டா கயித்தைப் புடிச்சுட்டுப் போயிருவாங்க."

சாமி மறுபடியும் கையைத் துண்டால் மூடி நீட்டினார். "அந்த மாதிரி சொல்லுங்கண்ணா."

இந்தத் தடவை கை தயங்கித்தான் போனது.

"பேரு அத்தப்பன். விடிஞ்சாலும் எந்திரிக்க மாட்டான். கோவம் வந்தா ஊரே கேக்கும். தாயம் வெளையாடித் தோத்தா அழிச்சாட்டியம் பண்ணுவான்." சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. "எம்பொண்டாட்டி ஆஸ்பத்திரில கெடந்தப்ப, பொழைக்க மாட்டாங்கறதை எல்லாரும் எங்கிட்ட மறைச்சுட்டாங்க சாமி. இவன் ஒருத்தன்தான் சொன்னான். அடிக்கப் போயிட்டேன் அவனை. சொல்லிட்டு ஓடலீங்க. கடேசி வரைக்கும் வராண்டாவுல எங்கூடவே கெடந்தான். அவன் சொன்னதாலதான் அவகிட்டப் பேச வேண்டியதை நான் பேசுனேன்."

அப்புறம் அவரால் முடியவில்லை. குழந்தை மாதிரி அழுதார். துண்டுக்கடியில் சாமி அவர் விரலை விடவே இல்லை.

மறுநாள் பந்தலில் நல்ல கூட்டம். படத்துக்கு மாலை போட்டாயிற்று. மரகதம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையில் அவள் மாமனார் ராக்கியப்பன், கையைக் கட்டிக்கொண்டு. சென்னியப்பன் மைக்கைப் பிடித்தார். சிங்கமும் கலங்கரை விளக்கமும் நாக்கு நுனி வரை வந்து பார்த்தன. விழுங்கிவிட்டார்.

"அத்தப்பன் விடிஞ்சா எந்திரிக்க மாட்டானுங்க" என்றார்.

கூட்டம் சலசலத்தது. மரகதம் நிமிர்ந்து பார்த்தாள்.

"கோவக்காரன். தொட்ட யாவாரம் எல்லாம் கவுந்துது. இதையெல்லாம் நாஞ்சொல்லித்தான் தெரியோணும்னு இல்ல. அவனே உங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லியிருப்பான்..."

ராக்கியப்பன் எழுந்துவிட்டார். "கொஞ்சம் நிறுத்துங்க."

போச்சு, குடி கெடுத்தோம் என்று சென்னியப்பன் மைக்கைக் கீழே இறக்கினார்.

"எங்கிட்டயும் சொன்னாருங்க" என்றார் ராக்கியப்பன். "பொண்ணு பாக்கப் போனன்னிக்கு, காப்பி வர்றதுக்கு முந்தியே சொன்னாரு. 'எங்கையில ஒண்ணுமில்லீங்க. புள்ளைக்கு என்னையாட்டவே கோவம் வரும். சோத்தைக் கொழைச்சுப் போடுவா'ன்னாரு. எங்கம்மா வண்டியேறினதும் சொல்லிட்டாங்க, பொண்ணு எடுத்தா இந்த ஊட்டுல எடுக்கோணும்னு." அவர் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். "இன்னிக்கு வரைக்கும் அந்த மனுசன் சொல்லாத கொறை ஒண்ணை நாங்க பாக்கலீங்க. சோறு மட்டும் இன்னும் கொழஞ்சுதான் கெடக்குது."

பந்தலே சிரித்தது. மரகதம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, அப்பாவுக்காக வாய்விட்டு அழுதாள். அதற்கப்புறம் ஒவ்வொருவராக எழுந்து, அத்தப்பன் தங்களிடம் சொன்னதைச் சொன்னார்கள். சென்னியப்பன் மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் மடத்துக்கு வந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சாமி கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டே கேட்டார்.

"சம்பந்தக்காரரு அவனைக் கேவலமா நெனைக்கறாருன்னு இத்தனை வருசமா நெனச்சுட்டிருந்தனுங்க சாமி!"

"அப்படி நெனச்சது யாருங்கண்ணா?"

"நாந்தானுங்க" என்றார் சென்னியப்பன். இப்போது அதைச் சொல்வது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை. கயிற்றை வாங்கித் தானும் ரெண்டு வாளி இறைத்தார். பிறகு கயிற்றைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"சாமி, எனக்குப் படம் தெறக்கறப்ப என்னங்க சொல்லுவாங்க?"

"அதுக்கு என்னங்கண்ணா இப்ப அவசரம்?" என்றார் சாமி. "நாளைக்குச் சந்தைக்குப் போவீங்கல்ல? துண்டை எடுக்கறதுக்கு முந்தி என்ன சொல்லுவீங்க?"