ரோஜாவுக்குத் துணை நின்ற மந்திரி

வெம்பாலை என்று ஒரு ராஜ்ஜியம். அங்கே வருஷத்துக்கு மூன்று பருவம்: வெயில், கடும் வெயில், கத்திரி வெயில். மார்கழியில் பத்து நாள் மட்டும் காலையில் கொஞ்சம் குளிரும். அந்தப் பத்து நாளில்தான் ராஜா வீரகண்டர் பட்டுச் சால்வையைப் போர்த்திக்கொண்டு அரண்மனைத் தோட்டத்துக்குச் செடி தேர்ந்தெடுப்பார். அவரே தேடிப் பிடித்து வேலைக்கு வைத்த மந்திரி நல்லபெருமாள் மலைநாட்டிலிருந்து பன்னீர் ரோஜாவாகக் கொண்டுவந்து இறக்குவார். மார்கழியில் எல்லாம் பூத்துக் குலுங்கும். சித்திரையில் எல்லாம் சுள்ளியாகும். செடி செத்தால் யாராவது காரணமாக இருக்க வேண்டுமே? தோட்டக்காரரை நாடு கடத்துவார்கள். இப்படி நாலு பேர் போயாயிற்று.

ஐந்தாவது ஆள் இருளாயி.

"உன் கையிலும் செடி தங்கவில்லை. மூன்று நாளில் எல்லையைத் தாண்டிவிடு" என்றார் ராஜா.

"என் கை என்ன செய்யும் மகாராஜா? அது குளிர்ல வளர்ற செடி. நம்ம மேட்டுக்காட்டுல போய்ப் பாருங்க. அரளியும் வெட்சியும் இந்த வெயில்லயும் சிரிச்சுக்கிட்டு நிக்குது."

"சுடுகாட்டு ஓரத்துப் பூ அரண்மனைக்கா?" என்றார் நல்லபெருமாள். சபை சிரித்தது. "புது ரோஜாக்கள் வந்திருக்கின்றன மகாராஜா. நிழலே வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு கை தண்ணீர் போதும். அதற்கு மேல் வாடினால் அது தோட்டக்காரியின் சோம்பல்."

அந்தச் சபையில் அம்பலத்தாடி என்று ஒருவர் இருந்தார். அவருக்கு என்ன உத்தியோகம் என்று யாருக்கும் தெரியாது. சிக்கல் வந்தால் ராஜா அவர் முகத்தைப் பார்ப்பார். இப்போதும் பார்த்தார்.

"காவலுக்கு ஆள் எடுக்கிற மாதிரியே செடியையும் எடுத்துவிடலாமே, மகாராஜா" என்றார் அம்பலத்தாடி.

வெம்பாலையில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. காவல் வேலைக்கு வருகிறவன் ஒரு பகல் முழுக்க அரண்மனை முற்றத்தில் நிற்க வேண்டும். அவனைச் சிபாரிசு செய்தவரும் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அவனுக்கு என்ன உண்டோ அதுதான் இவருக்கும். இந்த வழக்கம் வந்த பிறகு நாட்டில் சிபாரிசு வெகுவாகக் குறைந்திருந்தது.

ராஜா சரி என்றார். சபையில் சொன்ன சொல்லை விழுங்க முடியாமல் மந்திரியும் சரி என்றார்.

மறுநாள் விடிந்ததும் இருளாயி தன் வீட்டு வாசலிலிருந்து நாலு சட்டிகளைத் தூக்கி வந்தாள். சிவப்பு அரளி, வெட்சி, மஞ்சள் ஆவாரை, நீலச் சங்குப்பூ. எதிரே பன்னீர் ரோஜாக்கள். அவற்றின் பக்கத்தில் ஜரிகைத் தலைப்பாகையோடு மந்திரி.

உச்சி வெயில் இருளாயிக்குப் புதிதல்ல. சங்குப்பூவை நினைத்துத்தான் கவலை. சட்டிக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அது தலை சாய்த்தால் அவள் எல்லைக்கு நடக்க வேண்டியதுதான். 'கொஞ்சம் பொறுத்துக்கோடி' என்று முணுமுணுத்தாள்.

"குடை கொண்டு வாங்கடா!" என்றார் நல்லபெருமாள்.

"ரோஜாவுக்கு நிழல் வேண்டாம் என்றீர்களே" என்றார் அம்பலத்தாடி, தூண் நிழலில் இருந்தபடி.

"தண்ணீராவது கொடும், ஓய்!"

"காலையில் ஒரு கை குடித்துவிட்டீர்கள். அடுத்தது நாளைக்கு."

மந்திரியின் தலைப்பாகை அவிழ்ந்தது. கொஞ்ச நேரத்தில் ரோஜா இதழ்கள் அவர் காலடியில் உதிர்ந்தன. அடுத்து அவரே உட்கார்ந்துவிட்டார்.

"மகாராஜா! இது பனியில் வளர்கிற செடி! எவன் வந்து தண்ணீர் ஊற்றினாலும் இந்த ஊரில் பிழைக்காது!"

இருளாயி சங்குப்பூவைப் பார்த்தாள். இலை லேசாகத் துவண்டிருந்தது. பூ நிமிர்ந்தே இருந்தது.

மாடத்தில் வெண்கொற்றக் குடையின் கீழ் உட்கார்ந்திருந்த ராஜா துள்ளி எழுந்தார். கோபத்தில் மீசை துடித்தது.

"நாலு பேரை அநியாயமாகத் துரத்தினோமே! இந்த ஆளை மந்திரி வேலைக்குச் சிபாரிசு செய்தது எவன்? அவனை இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்துங்கள்!"

காவலர்கள் தங்கள் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

அம்பலத்தாடி மாடத்தை அண்ணாந்து பார்த்தார்.

"குடையை மடக்கச் சொல்லட்டுமா, மகாராஜா?"

ராஜா சூரியனைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"தேர்வு முடிந்தது! நல்லபெருமாளுக்கு மோர் கொடுங்கள். போன நாலு பேரையும் திரும்பக் கூப்பிடுங்கள். இனிமேல் செடி எடுப்பது இருளாயி. கத்திரியிலேயே எடுக்கட்டும். அம்பலத்தாடி, உமக்கு என் பட்டுச் சால்வை!"

"மார்கழி வரைக்கும் அது அரண்மனையிலேயே இருக்கட்டும், மகாராஜா" என்றார் அம்பலத்தாடி.