முடிவை மட்டும் சொல்லுங்கள்

கொல்லிமலை அடிவாரத்தில் ஓர் ஆசிரமம். அதன் குரு மங்களாம்பிகைக்கு நாற்பத்து நான்கு வயது. சீடர்களில் மூத்தவர் முத்துவீரப்பன். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தொன்று முடிந்துவிட்டது.

வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். காபியை விட்டுவிட்டார். எழுத்தாளர் சௌந்தரவல்லியை மட்டும் விட முடியவில்லை. அவருடைய பதினோரு நாவல்களும் டிரங்குப் பெட்டியோடு ஆசிரமத்துக்கு வந்துவிட்டன.

ஒரு நாள் வாரப் பத்திரிகையில் செய்தி வந்தது: சௌந்தரவல்லி அடுத்த நாவலை எழுதிக்கொண்டிருக்கிறார்.

அதன் பிறகு முத்துவீரப்பனுக்குத் தியானம் கூடவில்லை. கண்ணை மூடினால், கதை எந்த ஊரில் நடக்கும் என்றே யோசனை ஓடியது. அதே வாரம் நாமக்கல் டாக்டர் அவருடைய இதயத்தைச் சோதித்துவிட்டு, "பார்த்து இருங்க பெரியவரே" என்றார்.

குருவிடம் போனார். குரு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்தப் புத்தகம் வரும்வரை நான் இருப்பேனா?"

"எனக்கெப்படித் தெரியும், ஐயா?"

"அப்படியானால் இந்த ஆசையையாவது அறுத்துவிடுங்கள்."

குரு கத்தியைக் கீழே வைத்தார். உள்ளே போய் ஓர் அஞ்சலட்டையோடு வந்தார்.

"உங்கள் கவலையை அந்த அம்மாவுக்கே எழுதுங்கள்."

முத்துவீரப்பன் எழுதினார்: 'அம்மையீர், எனக்கு இதயம் பலவீனம். நாவல் வரும்வரை தாங்குமோ தெரியாது. தயவுசெய்து முடிவை மட்டும் முன்கூட்டியே சொல்லக் கூடாதா?'

பத்திரிகை முகவரிக்குப் போட்டார். போட்ட பிறகு வெட்கமாகிவிட்டது. இரண்டு நாள் குருவின் கண்ணில் படாமல் நடந்தார்.

மூன்றாவது வாரம் பதில் வந்தது. நடுங்கிய கையெழுத்து. படித்ததும், டாக்டர் சொன்னதை மறந்து சமையற்கட்டுக்கு ஓடினார்.

'ஐயா, முடிவு எனக்கே இன்னும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த எண்பத்திரண்டு வயதிலும் தினமும் எழுந்து மேசைக்குப் போகிறேன்.'

குரு அதை இரண்டு முறை படித்தார். சிரித்தார்.

"நான் இப்போது என்ன செய்ய, அம்மா? ஆசை குறையவில்லையே. கூடிவிட்டது."

"எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாராம்?"

"அதைப் போடவில்லை."

"கேட்டு எழுதுங்கள். நீங்களும் அந்த நேரத்துக்கே எழுந்து தியானத்துக்கு உட்காரலாம்."