காட்டுக்கோழி மாற்றிய சட்டம்

கொன்றைக்குளத்தின் தென்கரை முழுக்கக் கோரைப்புல். அதற்குள் செம்பி என்ற காட்டுக்கோழி ஏழு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெண்மயில். நாலடி தள்ளிக் காடை. அதற்கும் அப்பால் கவுதாரி. நால்வருக்கும் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. நால்வரின் கணவன்மாரும் கரையோர மருதமரத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மரக்கிளையில்தான் குளத்துச் சபை கூடும். சபைக்கு ஒரே சட்டம். "வீட்டுக்கு ஒருவர் வரலாம். அடைகாக்கிறவர் வரவேண்டாம்." ஆண் என்றோ பெண் என்றோ அதில் ஒரு சொல் கிடையாது. ஆனாலும் கிளையில் உட்கார்ந்திருந்தது எல்லாம் ஆண்கள்தான்.

ஒருத்தியைத் தவிர. அவள் தாமரைக்கோழி. அவள் வீட்டு வழக்கமே வேறு. முட்டையிடுவது அவள், அடைகாப்பது அவள் கணவன். அவன் பாட்டுக்குத் தாமரை இலைமேல் பொறுமையாக உட்கார்ந்திருப்பான். அவள் இலைக்கு இலை நடந்துவந்து, ஒய்யாரமாகக் கிளையேறுவாள்.

அதைப் பார்த்தாலே செம்பிக்கு வயிறு எரியும். ஒருநாள் தண்ணீர் குடித்துவிட்டு வருகிற நேரத்துக்கு மட்டும் முட்டைமேல் உட்காரச் சொன்னதற்கு, அவள் கணவன் சேவல் சிரித்துவிட்டுப் போயிருந்தான். "எனக்குக் கேட்டும் கிடைக்கவில்லை. இவளுக்குக் கேட்காமலே கிடைக்கிறது!" இதுதான் அவள் நெஞ்சில் கிடந்த முள்.

மழை வரும் நேரம். சபைத் தலைவர், பெண்மயிலின் பெரியப்பாவான ஆண்மயில், ஓர் ஆசையைக் கிளப்பினார். கோரைப்புல்லை மிதித்துத் துவைத்து, தோகை விரித்தாட ஒரு களம் அமைக்க வேண்டுமாம்! மறுநாள் காலை முடிவு.

சேதி புல்லுக்குள் வந்ததும் நாலு தலைகள் மேலே எழும்பின.

"கிளையில நமக்கும் இடம் கேக்கணும்!" என்றாள் பெண்மயில். "நாம அங்க இல்லாததுதான் எல்லாத்துக்கும் காரணம்!"

"இடம் குடுத்தா மட்டும் போக முடியுமா?" என்றாள் செம்பி. "அடைகாக்கறதும் வேலைதான்னு முதல்ல ஒத்துக்கச் சொல்லு! நாம உட்கார்ந்திருக்கறதாலதான் அவங்க ஊர் சுத்தறாங்க!"

"அவங்ககிட்டப் போய்க் கேப்பானேன்?" என்று சீறினாள் கவுதாரி. "ஆம்பளைங்களே இல்லாத கரைக்குப் போயிடலாம்!"

காடை மெதுவாகச் சொன்னாள். "அக்கா, போன வருஷம் என் முட்டையை மிதிச்சது எந்த ஆம்பளையும் இல்லை. மயிலக்காதான். அதை நான் எங்க போய்ச் சொல்ல?"

பெண்மயில் அவசரமாக இறகு கோதிக்கொண்டாள்.

அப்போது தாமரைக்கோழி அங்கே வந்தாள். "ஏன் சண்டை? நாளைக்கு ஒரு காலைப்பொழுது மட்டும் வீட்டுக்காரங்களை அடையில உட்கார வச்சிட்டு வாங்க. சட்டத்துல ஆம்பளைதான் வரணும்னு இல்லியே! நாம அஞ்சு பேரும் சேர்ந்து நின்னா புல்லைக் காப்பாத்திடலாம்!"

மற்ற மூவருக்கும் முகம் மலர்ந்தது. செம்பிக்கு மட்டும் சுருக்கென்றது. "உட்கார வைக்கணுமாம்! என்ன பெருமை இவளுக்கு! இவள் தயவில் நான் கிளையேறணுமா?"

மாலையில் சேவல் வந்தான். செம்பி அவன் காதைக் கடித்தாள்.

"என்னங்க, சேதி தெரியுமா? அந்தத் தாமரைக்கோழி உங்களையெல்லாம் முட்டைமேல உட்கார வைக்கப்போறாளாம்! அவ புருஷன் பாவம், நாலு நாளா இரையே எடுக்கலியாம்!"

இரண்டாவது சேதி பச்சைப் பொய். அது செம்பிக்கே தெரியும். தாமரைக்கோழி கிளையைவிட்டு இறங்கினால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் காலை சேவல் இரண்டு சேதியையும் சபையில் கூவிவிட்டான். கிளையே கொந்தளித்தது.

"பொய்! வேணும்னா எங்க வீட்டுக்காரரையே கேளுங்க!" என்றாள் தாமரைக்கோழி. யார் கேட்டார்கள்?

"சட்டத்தில் ஓட்டை இருக்கிறது! அடைத்துவிடுவோம்!" என்றார் ஆண்மயில். அங்கேயே சட்டம் மாறியது. "வீட்டுக்கு ஓர் ஆண் வரலாம்."

தாமரைக்கோழியைக் கொத்தி இறக்கினார்கள். கணவன்மாரைக் கெஞ்சிக் கூத்தாடி உட்கார வைத்துவிட்டு மரத்தடிவரை வந்திருந்த பெண்மயிலையும் கவுதாரியையும் காடையையும் விரட்டியடித்தார்கள். அவர்களின் கணவன்மாரும் அடையைப் போட்டுவிட்டுக் கிளையேறிவிட்டார்கள்.

புல்லுக்குள்ளிருந்து செம்பி எட்டிப் பார்த்தாள். தாமரைக்கோழி தலைகுனிந்து இறங்குவதைக் கண்டதும் அவளுக்கு வயிறு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி கொஞ்ச நேரம்தான்.

"புல்லை மிதிக்க யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார் ஆண்மயில். கிளையில் ஆட்சேபிக்க ஆளே இல்லை. எல்லோரும் குதித்து இறங்கிக் கோரைக்குள் நுழைந்தார்கள். மிதி மிதியென்று மிதித்தார்கள்.

"ஐயோ, நிறுத்தச் சொல்லுங்க! இங்க நம்ம முட்டை இருக்கு!" என்று செம்பி சேவலின் குறுக்கே விழுந்தாள்.

"சபையில முடிஞ்சு போச்சு, செம்பி. இப்ப கத்தி என்ன பண்றது? அங்க வந்து சொல்லியிருக்கணும்!"

"எங்களைத்தான் வரக்கூடாதுன்னு சட்டம் போட்டுட்டீங்களே!"

"நீ சொன்னதாலதானே போட்டோம்!"

செம்பி முட்டைகள்மேல் இறக்கை விரித்துப் படுத்தாள். கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு கடந்து போனது. ஏழில் ஒன்றும் மிஞ்சவில்லை. மற்ற மூவரின் கூடுகளுக்கும் அதே கதி.

ஆட்டம் பாட்டம் எல்லாம் ஓய்ந்த பிறகு தாமரைக்கோழி கரைக்கு வந்தாள். உடைந்த ஓடுகளுக்குப் பக்கத்தில் நின்றாள். செம்பியால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மேலே ஏறியவளைப் பொறாமையால் இறக்க நினைப்பவள், தான் ஏறவேண்டிய வழியையும் சேர்த்தே அடைத்துக்கொள்கிறாள்.