கடித்தவனிடம் சொன்ன சாரி

“சிஸ்டர், என் பொண்ணை ஒருத்தன் கடிச்சுட்டான்.”

“ஆழமாவா?”

“அது ஆறிடும். கடிச்சவன்கிட்ட இவ சாரி சொன்னா.”

மலையடிவாரத்து ஜெபவீட்டின் பின்கட்டில் சிஸ்டர் பெர்னதெத் ஓஸ்தி வெட்டிக்கொண்டிருந்தாள். பூசைக்கான அப்பம், காகிதம் போல மெல்லியது, இன்னும் பீடத்துக்குப் போகாதது. வட்ட வட்டமாக வெட்டியெடுத்தபின் மிஞ்சுகிற ஓரங்கள், வருகிற குழந்தைகளுக்கு. வினோதினியின் மகள் ஆதிரை எதிர்ச்சுவர் ஓரமாக உட்கார்ந்து அதைத்தான் மென்றுகொண்டிருந்தாள். இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. முழங்கையில் பல்தடம் நீலம் பாரித்திருந்தது.

மனபாரத்தோடு அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் பெர்னதெத்தைத் தேடித்தான் வருவார்கள். வினோதினிக்கோ அவள் கான்வென்டில் ஒரே பெஞ்ச். அன்றைக்கு ‘வாடி, போடி’ என்று பேசியவளை இன்றைக்கு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல்தான் சிஸ்டர் என்றாள்.

“கடிச்சது யாரு?”

“நாத்தனார் பையன். எல்லாரும் சிரிச்சாங்க. எவ்வளவு மரியாதை தெரிஞ்ச பிள்ளைன்னு மாமியார் திருஷ்டி வேற கழிச்சாங்க.”

“நீ?”

“பாத்ரூம்ல போய் அழுதேன்.”

“அவளுக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?”

வினோதினி தன் நெஞ்சில் விரலை வைத்தாள்.

பால்காரர் தாமதமாக வந்தால் சாரி சொல்வது அவள்தான். மாமியார் கையிலிருந்து டம்ளர் நழுவினாலும் அவள்தான். நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டால் நிலைப்படியிடமே சொல்வாள்.

“சொல்லாதேன்னு சொல்லிப் பாத்தியா?”

“பாத்தேன். ‘சாரி’ன்னா.”

பெர்னதெத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கத்தி கோணிக்கொண்டு ஒரு ஓஸ்தி பாழாயிற்று.

“சிரிக்காதடி,” என்று வாய்தவறி வந்துவிட்டது வினோதினிக்கு. “சாரி, சிஸ்டர்.”

“சாரி,” என்றாள் ஆதிரை, மென்றபடியே.

பெர்னதெத் பாழான ஓஸ்தியை ஓரங்களோடு சேர்த்து ஒதுக்கிவைத்தாள்.

“ஞாபகம் இருக்கா வினோ? சேப்பல் படிக்கட்டுல உன்னைத் தள்ளிவிட்டது நான். மதர்கிட்ட சாரி சொன்னது நீ.”

“உனக்கு அடி விழுமேன்னுதான்.”

“எனக்கு ரொம்ப வசதியா இருந்துச்சு.”

வினோதினி அந்தப் பேச்சுக்குள் போகவில்லை. போகத் தெம்பில்லை. கன்னத்தைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள்.

“அந்த ஒரு வார்த்தையை இவ வாயிலேர்ந்து எடுத்துடணும், சிஸ்டர். இன்னைக்குக் கடிச்சான். நாளைக்கு ஒருத்தன் அடிப்பான். அப்பவும் இவதான் சொல்லிட்டு நிப்பா. அதை நினைச்சா தூக்கமே இல்ல. ஏதாவது வழி சொல்லுங்க.”

பெர்னதெத் வாயைத் திறக்குமுன் மதிய மணி அடித்தது.

அந்த வீட்டில் அது மௌன மணி. அடுத்த மணி அடிக்கும்வரை ஒருவரும் பேசக்கூடாது. விருந்தாளிகளுக்கும் அதே கட்டுப்பாடு.

வினோதினிக்கு உள்ளூர ஒரு நிம்மதி. கொஞ்ச நேரமாவது பிள்ளையின் காதில் அந்தச் சொல் விழாது. வீட்டிலும் இப்படி ஒரு மணி கட்டிவிடலாமா என்றுகூட யோசித்தாள். கண் சொக்கியது.

பெர்னதெத் எழுந்தாள். வெட்டிய ஓஸ்திகள் நிறைந்த தட்டைத் தூக்கினாள். நேராக வந்து வினோதினியின் கால்மேல் நன்றாக மிதித்தாள். தட்டு சரிந்தது. ஓஸ்திகள் மடியிலும் தரையிலுமாகக் கொட்டின.

வினோதினியின் வாய் திறந்தது. மணி ஞாபகம் வந்து மூடிக்கொண்டது.

ஆனால் கழுத்து தோளுக்குள் இறங்கிவிட்டது. உள்ளங்கைகள் தாமாக எழும்பி நெஞ்சுக்கு முன்னால் நின்றன. மிதிபட்ட கால் புடவைக்குள் ஒளிந்துகொண்டது.

பெர்னதெத் அசையாமல் நின்று ஒரு விரலை நீட்டினாள். வினோதினியை நோக்கி அல்ல. எதிர்ச்சுவரை நோக்கி.

அங்கே ஆதிரை தன் சின்னக் கழுத்தைத் தோளுக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் நெஞ்சுக்கு முன்னால். அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், சரியாகச் செய்கிறேனா என்று கேட்பதுபோல.

அடுத்த மணி அடிக்க வெகுநேரமாயிற்று. இரண்டு பெண்களும் தரையில் மண்டியிட்டு, உடையாத ஓஸ்திகளைப் பொறுக்கினார்கள். ஆதிரை உடைந்தவற்றைப் பொறுக்கினாள், வாய்க்குள்.

மணி அடித்தது.

“கால் வலிக்குதா?” என்றாள் பெர்னதெத்.

“இல்ல.”

“வினோ.”

“வலிக்குது.”

“வார்த்தையை எடுத்துடலாம்னு வந்தே. கழுத்தை என்ன பண்ணப் போறே?”

“தெரியல.”

“எனக்கும் தெரியல.”

இதற்கா இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தோம் என்று இருந்தது வினோதினிக்கு. பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். உள்ளே போன் அடித்தது. கணவன்.

“எங்க இருக்கே? அம்மா சாப்பிடாம உட்கார்ந்திருக்காங்க. வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக மாட்டியா?”

காலையில் அவள் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் அவன் ‘ம்’ என்றான். மாமியாரிடமும் சொன்னாள். சமைத்து மூடி வைத்திருப்பதையும் சொன்னாள்.

அந்தச் சொல் வழக்கம்போல நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

ஆதிரை மெல்லுவதை நிறுத்திவிட்டு அவள் வாயைப் பார்த்தாள். அவள் உதடு எப்படி விரிகிறதோ அப்படியே பிள்ளையின் உதடும் விரிந்து, தயாராக, காத்திருந்தது.

வினோதினி பெர்னதெத்தைப் பார்த்தாள். பெர்னதெத் தலையைக் குனிந்து ஓஸ்தி வெட்ட ஆரம்பித்துவிட்டாள்.

“என்ன, பேச்சையே காணோம்?” என்றது போன்.

“சொன்னேன்,” என்றாள் வினோதினி.

குரல் நடுங்கியது.

“சொன்னேன்,” என்றாள் ஆதிரை, அதே நடுக்கத்தோடு.